கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கில்ட்

சென்ற அக்டோபரில் ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகரில் என் மகளின் திருமணம் நடந்தது. காலையில் நம் முறைப்படி தாலி கட்டு, மாலையில் மாப்பிள்ளை வீட்டு முறைப்படி விருந்தும் நடனமும். அதற்கு நான்கு மாதம் முன்பு சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்து, "காலையில் நான் வேட்டி கட்டுகிறேன். மாலையில் நீங்கள் கில்ட் அணிவீர்களா?" என்று கேட்டார். கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், பின்புறம் மடிப்பு வைத்த, முழங்கால் வரையிலான கட்டம் போட்ட உடை. உடனே சம்மதித்தேன். 1746-இல் சட்டம் போட்டுத் தடுத்து, 1782 வரை மலைநாட்டு ஆண்கள் போர்வீரர்களாக இருந்தாலொழிய அணியக் கூடாதென்று வைத்திருந்த உடை அது. அதை ஒருவர் நமக்குக் கொடுக்கிறார் என்றால் அரைகுறையாக அணிந்து நிற்கக் கூடாது என்று தோன்றியது. வாடகைக்கு எடுக்காமல் தைத்துக்கொள்ள முடிவு செய்தேன்.

முதல் கேள்வி, எந்த டார்ட்டன்? டார்ட்டன் என்பது கில்ட்டுத் துணியின் கட்ட வடிவம், வம்சத்துக்கு வம்சம் அது மாறும். சம்பந்தி வீட்டார் மக்கென்சி வம்சம். கரும்பச்சையும் நீலமும், நடுவே வெள்ளைக் கோடும் சிவப்புக் கோடும் ஓடும் கட்டம் அவர்களுடையது. அதையே நானும் அணியலாம் என்று அன்போடு சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பெண்ணைக் கொடுக்கிறவன் பெண் வீட்டுக்காரனாகத்தானே நிற்க வேண்டும்? யார் எதை அணியலாம் என்று சட்டம் எதுவும் இல்லை. பால்மோரல் டார்ட்டன் மட்டும் அரச குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டது. வம்சப் பெயர் இல்லாதவர்களுக்கு ஊர்களின் பெயரால், தீவுகளின் பெயரால் அமைந்த டார்ட்டன்கள் உண்டு. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அரசுப் பதிவேட்டில் அவற்றை இணையம் வழியே யாரும் தேடிப் பார்க்கலாம்.

அங்கே ஸ்கை தீவின் டார்ட்டனைப் பார்த்ததும் தேடலை நிறுத்திவிட்டேன். நான் இந்த நாட்டில் முதலில் மருத்துவம் பார்த்தது அந்தத் தீவின் பிராட்ஃபோர்டில். என் மகள் பிறந்ததும் அங்கேதான், 1994-இல். தீவுக்குப் பாலம் வந்தது அதற்கு மறு ஆண்டு அக்டோபரில். அதுவரை படகுதான். அந்த டார்ட்டனில் மலைச்சரிவில் பூக்கும் ஹெதர் பூவின் ஊதாவும் புல்வெளிப் பச்சையின் பல படிகளும் கலந்திருக்கின்றன. என் மனைவி மாதிரிக்கு வந்த துணித்துண்டைப் பார்த்துவிட்டு, "இது நம்ம கத்தரிப்பூ நிறம்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயரே இல்லை.

ஆனால் உள்ளங்கை அகலத் துண்டை வைத்து நிறத்தை முடிவு செய்யவே கூடாது. காரைக்குடியில் என் அம்மா கண்டாங்கிச் சேலை எடுக்கும்போது கையில் வாங்கிப் பார்க்க மாட்டார். கடைக்காரரை எதிர்ச் சுவரருகே நின்று விரித்துப் பிடிக்கச் சொல்வார். கட்டம் போட்ட துணி கிட்டத்தில் ஒரு நிறம், பத்தடி தள்ளி வேறு நிறம். டார்ட்டனும் அப்படித்தான். கையில் தனித்தனியாகத் தெரிந்த ஊதாவும் பச்சையும் அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தபோது ஒன்றோடொன்று கரைந்து, மழைக்கு முந்தைய மலை போல் ஆகிவிட்டன. துண்டை மண்டபத்துக்கும் எடுத்துப் போனேன். அங்கிருந்த மஞ்சள் விளக்கில் இளம் ஊதா ஏறக்குறைய சாம்பலாகத் தெரிந்தது. மாலை நிகழ்ச்சிக்கு எடுக்கும் எந்த உடையையும் மாலை விளக்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மடிப்பும் நிறத்தை மாற்றும் என்பது எனக்குப் புதிது. கில்ட்டுக்கு எட்டு கஜம் துணி. ஒன்பது கஜப் புடவைக்கு ஒன்றுதான் குறைவு. அதில் பெரும்பகுதி பின்புற மடிப்புகளுக்குள் போகிறது. மடித்த பிறகும் கட்டம் முழுதாகத் தொடர்ந்து தெரியும்படி தைப்பது ஒரு முறை. ஒவ்வொரு மடிப்பின் முகத்திலும் ஒரே கோடு வந்து நிற்கும்படி தைப்பது இன்னொரு முறை, அது ராணுவத்தாருடையது. தைக்கும் அம்மையார் துணியை விரல்களால் மடித்து இரண்டையும் காட்டினார். இரண்டாவது முறையில் இளம் ஊதாக் கோட்டைப் பிடித்தால் பின்புறம் முழுக்க ஊதாவாகவே தெரிகிறது, முன்புறம் பச்சையாக இருக்கிறது. அழகுதான், ஆனாலும் இரண்டு பேரின் உடை போலப் பட்டது. கட்டம் தொடரும் முறையையே சொன்னேன்.

அளவு எடுக்கும்போது கால்சட்டை அளவைச் சொல்லிவிடாதீர்கள். கில்ட் கட்டும் இடம் தொப்புளை ஒட்டிய இடுப்பு. அங்கே எனக்கு இரண்டு அங்குலம் கூடுதல். நீளத்துக்கு மண்டியிடச் சொன்னார்கள். விளிம்பு முழங்காலின் நடுவுக்குக் கீழே இறங்கக் கூடாது. தைத்து வரப் பத்து வாரம் ஆனது.

மேல்சட்டையில் எனக்கு நஷ்டம் நேர்ந்தது. கில்ட்டுக்கான மேல்சட்டை, அதாவது கோட், இடுப்போடு நிற்கும்படி குட்டையாக வெட்டப்பட்டது. நான் இணையத்தில் மலிவாக வாங்கியது சாதாரணக் கோட்டின் நீளத்தில் வந்து, கில்ட்டின் முன்னால் தொங்கும் ஸ்போரன் என்ற தோல் பையைப் பாதி மறைத்தது. திருப்பி எடுத்துக்கொள்ள விற்றவர் மறுத்துவிட்டார். பிறகு உள்ளூரில் அணிந்து பார்த்து, 'பிரின்ஸ் சார்லி' எனப்படும் கறுப்புச் சட்டையை வாங்கினேன். மூன்று பொத்தான் வைத்த, வெயிஸ்ட்கோட் எனப்படும் உள்சட்டையும் கறுப்பு வில் டையும் அதனோடு சேர்ந்தவை. உள்சட்டை போட்டால் இடுப்பில் பெல்ட் வேண்டாம். இதைச் சம்பந்திதான் சொன்னார், இல்லாவிட்டால் அகலமான வெள்ளி வாரொன்றை வாங்கியிருப்பேன்.

அடுத்து உலோகம். மாலையில் மகள் உடுத்தப் போவது கத்தரிப்பூ நிறக் காஞ்சிபுரம் பட்டு, தங்கச் சரிகை. அதற்கு இணையாக, கில்ட்டின் முன்பக்கத்தில் குத்தும் கில்ட் ஊசி தங்க நிறத்தில் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் சட்டைப் பொத்தான், ஸ்போரனின் மேல்பட்டை, சங்கிலி எல்லாமே வெள்ளி நிறம். நடுவில் ஒரே ஒரு தங்கம், யாரோ மறந்து விட்டுப்போன நகை போல உறுத்தியது. மெருகு குறைந்த பழைய வெள்ளி நிறத்திலேயே எல்லாவற்றையும் வாங்கினேன். பளபளக்கும் குரோமை விட அது ஊதாவோடு நன்றாகப் போகிறது. மோதிரத்தை மட்டும் கழற்றவில்லை.

மாலை உடைக்கு ஸ்போரன் சீல் தோலில் இருப்பது வழக்கம். எனக்கு அது வேண்டாமென்று பட்டது. கறுத்த மாட்டுத்தோலில் வெள்ளிப்பட்டை வைத்ததை எடுத்தேன். முறை தெரிந்த முதியவர் ஒருவர் அது கொஞ்சம் எளிமை என்றார். அந்த எளிமை எனக்குப் பிடித்திருந்தது. உள்சட்டையின் கீழ் விளிம்பிலிருந்து நான்கு விரல் இறக்கித் தொங்கவிட்டேன்.

காலுறையில்தான் அதிகம் தடுமாறினேன். முதலில் டார்ட்டனுக்குப் பொருத்தம் என்று ஊதா நிறத்தில் வாங்கினேன். அணிந்தபோது பார்வை முழுவதும் காலுக்குப் போனது, கில்ட் மங்கியது. பிறகு பரவலாகக் காணப்படும் வெண்மை. அதில் கறுப்புச் சட்டைக்கும் கறுப்புக் காலணிக்கும் நடுவே கால் மட்டும் தனியாக வெட்டி ஒட்டியது போலிருந்தது. கடைசியில், துணியிலேயே இருக்கும் நிறங்களில் மிக அமைதியான கரும்பச்சையை எடுத்தேன். டார்ட்டனில் முந்தி நிற்கும் நிறத்தை வேறெங்கும் பெரிய அளவில் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஒதுங்கி நிற்கும் நிறத்தைக் காலுறைக்குக் கொடுத்தால் கில்ட் தன் இடத்தில் நிற்கிறது. சேலை உடலில் ஓடும் மெல்லிய இழையின் நிறத்தில் ரவிக்கை எடுக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

காலுறையில் செருகும் சிறு கத்தி ஸ்கீயன் டூ. தேசிய உடையின் பகுதி என்பதால் அதை அணியச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் மகளின் மங்கல நாளில் கூரான கத்தி வேண்டாமென்று, பிடி மட்டும் உள்ள, அலகு இல்லாததை வாங்கினேன். பிடியின் உச்சியில் ஊதாக்கல் பதித்தது ஒன்று இருந்தது. நீண்ட நேரம் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். ஊதாவுக்கு நான் வேறோர் இடம் வைத்திருந்தேன்.

காலுறையின் மடிப்புக்குக் கீழே வெளிப்பக்கமாக இரண்டு சிறு பட்டைகள் தொங்கும். அவற்றை ஃபிளாஷ் என்கிறார்கள். மகளின் பட்டுச் சேலையில் ரவிக்கைக்கு வெட்டியது போக ஒரு முழம் மிஞ்சியிருந்தது. அதைத் தையற்கார அம்மையாரிடம் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, இரண்டே நாளில் நான்கு பட்டைகளாகத் தைத்து எலாஸ்டிக்கில் கோத்துத் தந்தார். தலை முதல் கால் வரை, கில்ட்டுக்கு வெளியே ஊதா இருந்தது அந்த நான்கு பட்டையில் மட்டும்தான்.

அன்று மாலை சம்பந்தியே எனக்கு உடுத்திவிட்டார். கில்ட் ஊசியை நான், முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் துணியின் இரண்டு அடுக்கையும் சேர்த்துக் குத்தியிருந்தேன். நடந்தால் துணி கிழிந்துவிடும் என்று கழற்றி, வெளி அடுக்கில் மட்டும் குத்தினார். காலணியின் நீண்ட கயிற்றை முன்னால் முறுக்கிக் கணுக்காலைச் சுற்றி முடிந்தார். நடனம் தொடங்கும்போது ஸ்போரனை இடுப்போரம் தள்ளிவிடச் சொன்னதும் அவர்தான்.

மூன்றாவது நடனத்திலேயே இடதுகால் பட்டை நழுவி உள்ளே போய்விட்டது. பட்டு வழுக்கும் என்பதை யோசிக்காமல் விட்டேன். சம்பந்தியின் தாயார் தன் நாற்காலிக்கு என்னை அழைத்து, கைப்பையிலிருந்து ஓர் ஊக்கை எடுத்துக் காலுறையோடு சேர்த்துக் குத்திவிட்டார். வரும் ஜூலையில் மாப்பிள்ளையின் தம்பிக்குத் திருமணம். அதற்குள் பட்டைகளின் அடியில் கம்பளித் துணி வைத்துத் தைத்துத் தருவதாகத் தையற்கார அம்மையார் அவற்றை வாங்கி வைத்திருக்கிறார்.