ஏழு கிலோவும் ஒரு ‘இருக்கட்டும்’மும்

மாதம் ஒரு முறையாவது குஜராத்தில் இருக்கும் அங்கலேஷ்வர் போகிற வேலை எனக்கு. கடலூர் சிப்காட்டில் இருக்கும் எங்கள் கம்பெனிக்குக் கச்சாப்பொருள் பாதி அங்கிருந்துதான் வருகிறது, சப்ளையர் பிளாண்டில் ஆடிட் என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். இரண்டு ராத்திரி, மூன்று பகல். இதற்குப் பை கட்ட ஒரு யோசனையா என்றுதான் இருந்தேன், சென்னை விமான நிலைய கவுண்டரில் என் பை 9.4 கிலோ காட்டும்வரை.

உள்நாட்டு விமானத்தில் கையோடு கொண்டுபோக பெரும்பாலும் 7 கிலோதான். செக்-இன்னில் போடுங்கள் என்றார்கள், போட்டேன். பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டுப் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே பவர் பேங்க். லித்தியம் பேட்டரி கீழே சாமான் அறையில் தீப்பிடித்தால் அணைக்க ஆளில்லை, அதனால் கையோடுதான் வைத்திருக்க வேண்டும், அதுவும் பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணிக்குள். (20,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள், 74 வருகிறது, கவலை இல்லை.) கெமிக்கல் பிளாண்டில் குப்பை கொட்டுகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். அவசரத்தில் மறந்துபோய், பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் பார்க்க, ஜட்டி பனியனை ஒதுக்கிவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் பையைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தேன். எனக்குத் தேவைப்பட்டது பாதிகூட இல்லை. மீதி எல்லாம் ‘இருக்கட்டும்’. அம்மா “இருக்கட்டும்டா” என்று வைத்த போர்வை. மனைவி “ஏங்க, ஏசி ரூம்ல குளிருமே, இருக்கட்டும்” என்று வைத்த ஸ்வெட்டர், அதுவும் மே மாதம், குஜராத்துக்கு. நானே எனக்குச் சொல்லிக்கொண்டு வைத்த நாலாவது சட்டையும் பிரிக்காத புத்தகமும்.

அப்புறம் அந்தச் சக்கரப்பெட்டி. காலியாகவே மூன்று கிலோவுக்குக் கிட்ட, அதாவது ஒன்றும் வைப்பதற்கு முன்னாலேயே பாதிக் கணக்கு போயிற்று. போதாததற்கு, 2023 கடைசியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகு சென்னை பஸ் அங்கேயே இறக்கிவிடுகிறது, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து விமான நிலையம் போக வேண்டும். காலை நேரக் கூட்டத்தில் பெட்டியோடு ஏறிப் பாருங்கள், கண்டக்டர் பார்க்கும் பார்வையே போதும். இப்போது ஒரு கிலோகூட இல்லாத முதுகுப்பைதான். சக்கரம் வேண்டாம்.

பையில் பெரிய வில்லன் சேஃப்டி ஷூ. ஹெல்மெட், கண்ணாடி எல்லாம் விசிட்டருக்கு அந்த பிளாண்டிலேயே கொடுத்துவிடுவார்கள், ஆனால் என் அளவில் ஷூ எந்த ஊரிலும் இருந்ததில்லை. ஒரு கிலோவுக்கு மேல் கனம். அதனால் காலில் போட்டுக்கொண்டே போய்விடுகிறேன். இரும்பு முனை வைத்த ஷூவாக இருந்தால் செக்யூரிட்டியில் கத்தும், கழற்றித் தட்டில் வைக்கச் சொல்வார்கள், ஃபைபர் முனையில் அந்தத் தொல்லை இல்லை, கனமும் குறைவு. சாம்பிள் பாட்டிலை மட்டும் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பையில் போடாதீர்கள், கூரியரில் உரிய பேப்பரோடு அனுப்புவதுதான் முறை.

துணி விஷயம் சுருக்கம்: உடம்பில் ஒன்று, பையில் இரண்டு சட்டை ஒரு பேன்ட். சட்டையை இஸ்திரி போட்ட கையோடு மெல்லிய பாலித்தீன் கவருக்குள் நுழைத்து மடித்தால் துணி வழுக்கிக்கொண்டு போகுமே தவிர கசங்காது. அதே கவரில் வரும்போது அழுக்குத்துணி. டவல் கிடையாது, ஈரிழைத் துண்டுதான், ராத்திரி பிழிந்து போட்டால் காலையில் காய்ந்திருக்கும். ஒரு லுங்கி. அதுவே பஸ்ஸில் போர்வை, பைக்குள் லேப்டாப்புக்கு மெத்தை, அறைக்குப் போனால் லுங்கி. கார்த்திகை மழையில் கிளம்புவதாக இருந்தால் பைக்கு வெளியே உறை போடுவதைவிட, உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கிவிடுவேன், உறை காற்றில் பறந்து போன அனுபவம் உண்டு.

ஷாம்பு பாட்டில் கொண்டுபோகிற கடலூர்க்காரரைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். ஷாம்பைச் சின்னப் பாக்கெட்டில் போட்டு விற்கலாம் என்று காட்டிய சின்னி கிருஷ்ணன் நம் ஊர்க்காரர், அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்பு தொடங்கியதும் இங்கேதான். பாக்கெட் இரண்டு போதுமே.

கிளம்புவதற்கு முந்தின இரவு பையோடு எடை மெஷினில் ஏறி நிற்கிறேன், அப்புறம் பை இல்லாமல் ஒரு தடவை, கழித்தால் கணக்கு. போன முறை 5.8. மீதி இருந்த ஒரு கிலோச் சொச்சத்தில் பண்ருட்டி முந்திரி ஒரு கிலோ, அங்கே ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் பாய்க்கு. அவருக்கும் எனக்கும் பொதுவான பாஷை அரைகுறை இந்தி, முந்திரி அதைவிட நன்றாகப் பேசும்.

திரும்பும்போது அந்த இடத்தில், பக்கத்து ஊரான பரூச்சின் உப்புக்கடலை ஒரு கிலோ. அம்மா ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுவிட்டு, “வேர்க்கடலையா? இதையா அவ்வளவு தூரத்துலேர்ந்து தூக்கிட்டு வந்தே?” என்றார். சொல்லிக்கொண்டே இன்னொரு கை அள்ளினார்.