ஒரே பானையில் உண்டவர்கள்

பொதுக் கொள்கை முதுகலைப் படிப்பின் முதலாண்டு முடிந்ததும், மலாவியின் ம்சின்ஜி மாவட்டத்தில் பத்து வாரம் பயிற்சிப் பணியில் இருந்தேன். அந்நாட்டின் சமூக நிதியுதவித் திட்டம் 2006-இல் முன்னோடியாகத் தொடங்கப்பட்ட மாவட்டம் அது. மிக வறிய, உழைக்கும் ஆள்பலம் குன்றிய குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் தரும் அத்திட்டத்தில் ஒவ்வொரு பகுதியிலும் ஏறத்தாழ 10 சதவீதக் குடும்பங்களுக்கே இடம் இருந்தது என்பதால், யாரைச் சேர்ப்பது என்பதே கடினமான கேள்வியாக இருந்தது.

தகுதியுள்ளவர் விடுபடும் பிழையை வகுப்பில் வெறும் சதவீதக் கணக்காகவே அறிந்திருந்தேன். மக்காச்சோளம் உலர்ந்துகொண்டிருந்த பாயின் ஓரத்தில் அமர்ந்து, இரண்டு பேரக்குழந்தைகளை வளர்க்கும் மூதாட்டி ஒருவரிடம் சிச்சேவா மொழிபெயர்ப்பாளர் வழியாகப் படிவத்தின் கேள்விகளைக் கேட்டபோது, வேலை தேடித் தலைநகர் லிலாங்வேக்குச் சென்று ஓராண்டாகத் திரும்பாத மகனையும் அவர் வீட்டாளாகவே சொன்னார். பெற்றவள் மகனைக் கணக்கிலிருந்து எப்படி நீக்குவாள்? ஆனால் வீட்டில் உழைக்கக்கூடியவர் யாருமே இல்லாதிருந்தால், அல்லது அப்படிப்பட்ட ஒருவரைச் சார்ந்து மூவருக்கு மேல் இருந்தால்தான் தகுதி என்பது விதி. மகனைச் சேர்த்தால் அவரைச் சார்ந்தவர்கள் மூவர் மட்டுமே என்பதால், அந்த ஒரு பெயரால் குடும்பமே பட்டியலுக்கு வெளியே போய்விடும்.

அன்றிரவு என் கொள்கைக் குறிப்பின் முதல் பக்கத்தைத் திருத்தினேன். "வீட்டில் எத்தனை பேர்" என்று கேட்பதற்கு முன், "நேற்றிரவு இந்தப் பானையில் சமைத்த மக்காச்சோளக் களியான நிசிமாவை உண்டவர்கள் யார் யார்" என்று கேட்க வேண்டும் என எழுதினேன்.