கான்ட்ராவும் அருவி ஸ்டேஜும்

மே மாத லீவுக்கு அக்கா பையன் குடியாத்தத்திலிருந்து சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். வேலூர் வெயிலில் மத்தியானம் வெளியே தலை காட்ட முடியாது. "மாமா, எதாவது கேம் போடு" என்றான். கான்ட்ரா: ஆபரேஷன் கலூகா போட்டேன், இரண்டு பேர் சேர்ந்து ஓடித் தாவி எதிரிகளைச் சுட்டுக்கொண்டே போகிற கேம். ஜப்பானின் கோனாமி நிறுவனம் 1987ல் காசு போட்டு ஆடும் ஆர்கேடு மெஷினுக்கு விட்ட முதல் கான்ட்ராவை வேஃபார்வர்ட் நிறுவனம் இப்போதுள்ள கன்சோல்களுக்காக, அதாவது வீட்டில் வைத்து ஆடும் கேம் மெஷின்களுக்காக, புதிதாகச் செய்து 2024 மார்ச்சில் வந்தது இது.

நான் வளர்ந்தது டிவி கேம் கேசட்டில் வந்த கான்ட்ராவோடு. சித்தப்பா பையனும் நானும் கேசட்டை ஊதி ஊதிச் செருகி, படம் வந்துவிட்டால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டோம். ஒரே ஒரு குண்டு பட்டால் போதும், லைஃப் காலி. கையில் இருந்த எஸ் துப்பாக்கியும் போய்விடும், ஐந்து குண்டு விசிறி மாதிரி பறக்குமே அதுதான். ஆனால் என் மனதில் ஆழமாக நிற்பது மூன்றாவது ஸ்டேஜ், அருவி. அங்கே திரை மேலே மட்டும்தான் போகும். மேலே இருப்பவன் அவசரப்பட்டு அடுத்த பாறைக்குத் தாவினால் திரையும் கூடவே ஏறும், கீழே இருப்பவன் எந்த எதிரியும் தொடாமலேயே திரைக்கு வெளியே போய்ச் செத்துப்போவான். "இருடா, நானும் வந்துடறேன்" என்று எத்தனை முறை கத்தியிருப்போம். ஒருத்தனுக்கு லைஃப் தீர்ந்தால் இன்னொருத்தனிடம் இருப்பதிலிருந்து ஒன்றைக் கடனாக எடுத்துக்கொள்ளவும் முடியும். கேட்காமல் எடுத்தால் அன்றைக்கு முழுக்கப் பேச்சு கிடையாது.

அதனால்தான் இந்த கேமைப் புது மெஷினுக்குக் கொண்டுபோகும்போது எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. மெஷினின் பலத்தைக் காட்டினால் தப்பில்லை. ஜப்பானில் ஃபேமிகாம் என்ற நின்டென்டோ மெஷினுக்கு வந்த கேசட்டுக்குள் கோனாமி தன்னுடைய சொந்தச் சிப் ஒன்றை வைத்திருந்ததால் அதில் காட்டு மரங்கள் அசையும், பனி ஸ்டேஜில் பனி விழும், அமெரிக்க கேசட்டில் இதெல்லாம் இல்லை. 1992ல் சூப்பர் நின்டென்டோவுக்கு வந்த மூன்றாவது பாகத்தில் பறக்கிற ஏவுகணைகளில் தொங்கிக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிச் சண்டை போடுவோம், இன்றைக்குப் பார்த்தாலும் புல்லரிக்கிறது.

சறுக்கியது பிளேஸ்டேஷன் காலத்தில். 1996ல் வந்த லெகசி ஆஃப் வார் 3டியில் இருந்தது, சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடிகூடக் கொடுத்தார்கள். குண்டு எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாதபோது ஒரே அடியில் சாவது அநியாயமாகத்தான் தெரியும். பக்கவாட்டில் பார்க்கும் பழைய கான்ட்ராவில் குண்டும் நாமும் ஒரே தளத்தில் இருப்போம், குட்டிக்கரணம் போட்டுக் குதிக்கும்போது நடு வானத்திலேயே திசை மாற்றலாம், செத்தால் அது நம் கைத் தவறுதான் என்று நமக்கே தெரியும். 2007ல் இதே வேஃபார்வர்ட் நின்டென்டோ டிஎஸ் என்ற கையடக்க மெஷினுக்காக நான்காவது பாகம் செய்தபோது மறுபடி பக்கவாட்டுக்கே வந்து, மேலும் கீழுமாக இருந்த இரண்டு திரையையும் ஒரே மைதானமாக்கி, மேலே போகக் கொக்கிக் கயிறும் கொடுத்தார்கள். இரண்டு திரைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் குண்டு மறைந்துவிடுவது மட்டும் தொல்லை.

சரி, கலூகாவுக்கு வருவோம். இதில் இரட்டைத் தாவல் உண்டு, பாய்ந்து விலகலாம், ஒரே துப்பாக்கியை இரண்டாம் முறை எடுத்தால் அது பலமாகும், வேண்டுமானால் அந்தத் துப்பாக்கியையே பலி கொடுத்து ஒரு பெரிய சக்தியை ஏவலாம். கையில் எஸ் இருக்கும்போது அதை விடுவதா வேண்டாமா என்று யோசிக்கிற அந்த ஒரு நொடி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. முக்கியமான மாற்றம் லைஃப் பார். பல அடி தாங்குகிற மாதிரியும் விளையாடலாம், ஒரே அடியில் சாகிற பழைய முறையிலும் விளையாடலாம், ஆரம்பிக்கும் முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய ஆட்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு இது சரியாகவே படுகிறது, ஏனென்றால் ஒன்பது வயதுப் பையன் முதல் ஸ்டேஜில் இருபது தடவை செத்தால் கன்ட்ரோலரை வைத்துவிட்டு யூடியூப் பார்க்கப் போய்விடுவான், பக்கத்தில் ஆள் இல்லாத கான்ட்ராவை வைத்து நான் என்ன செய்வது?

லைஃப் பாரோடுதான் ஆரம்பித்தோம். முதல் நாள் கண்டபடி சுட்டான். இரண்டாம் நாள் குண்டு வரும் வழியைப் பார்த்துக் குனிந்தான், அப்புறம் தாவினான். நான்காம் நாள் மத்தியானம் நான் மோர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவனே மெனுவுக்குப் போய் ஒரே அடிக்கு மாற்றி வைத்திருந்தான். "நீங்க சின்ன வயசுல இப்படித்தானே மாமா ஆடினீங்க?"

அன்று ராத்திரியே சித்தப்பா பையனுக்கு போன் போட்டேன். காட்பாடி வீட்டுப் பரணில் பழைய செட்டும் கேசட்டும் இன்னும் இருக்கிறதாம், அடாப்டர்தான் போய்விட்டதாம். அதை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அருவி ஸ்டேஜுக்குப் போகிறோம்.