ஐ-16: குட்டை விமானம், கனத்த அடி

மார்ச் 2
வாங்கி வைத்திருந்த ஐ-16 போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடலை இன்று பிரித்தேன். பீப்பாய்க்கு இறக்கை முளைத்த மாதிரி உருவம். நிஜ விமானமே சுமார் 6 மீட்டர் நீளம்தான். சோவியத்தில் பொலிகார்போவ் வடிவமைத்து, 1933 டிசம்பர் கடைசியில் வலேரி ச்காலோவ் ஓட்டிப் பார்த்தது. ஊரெல்லாம் இரட்டை இறக்கை விமானங்களை நம்பியிருந்த காலத்தில் ஒற்றை இறக்கை, தாங்கு கம்பி கிடையாது, மடங்கும் சக்கரம் வேறு.

மார்ச் 5
மடங்கும் சக்கரம் என்றால் பொத்தானை அழுத்துகிற சமாச்சாரம் இல்லை. வலது பக்கம் இருக்கும் கைப்பிடியை 44 சுற்று சுற்ற வேண்டும், அதற்காக விமானத்தைத் திருப்புகிற ஸ்டிக்கை இடது கைக்கு மாற்ற வேண்டும், தரையை விட்டுக் கிளம்பிய விமானம் அதுவரை தள்ளாடிக்கொண்டே போகும். என்னய்யா டிசைன்!

மார்ச் 9
ஸ்பெயின் உள்நாட்டுப் போர், 1936 நவம்பர். ஜெர்மன் ஹெயின்கெல் 51-ஆல் இதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. இத்தாலிய ஃபியட் சி.ஆர்.32 மட்டும் சட்டென்று வளையும், அதோடு சுற்றிச் சுற்றி மல்லுக்கட்டினால் வம்பு. மேலிருந்து பாய், சுடு, நிற்காமல் போய்விடு, அவ்வளவுதான் சூத்திரம். ஜெர்மனியின் புதிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 வந்தபிறகு உயரத்தில் இந்த ஆட்டம் செல்லவில்லை.

மார்ச் 14
என்னைக் கேட்டால் இதன் உண்மையான பலம் தெரிந்த இடம் 1939-இல் சோவியத்தும் ஜப்பானும் மோதிக்கொண்ட மங்கோலிய எல்லையின் கால்கின் கோல்தான். ஜப்பானின் கி-27 இதைவிட நன்றாக வளையும், மே மாதச் சண்டைகளில் சோவியத் தரப்புக்கு நல்ல அடி. அப்புறம் ஸ்பெயினில் சண்டை போட்ட விமானிகள் வந்து சேர்ந்தார்கள். கி-27-இல் இரண்டே 7.7 மி.மீ. துப்பாக்கிகள், ஐ-16-இன் பிந்தைய வகைகளில் நான்கு ஷ்காஸ் இயந்திரத் துப்பாக்கிகள், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு சுமார் 1800 குண்டுகள் சுடும், சிலவற்றில் 20 மி.மீ. பீரங்கியே உண்டு. விமானியின் முதுகுக்குக் கவசத் தகடு வேறு. ஜூன் மாதம் கிரிட்சவெட்ஸ் என்ற விமானி, எதிரிப் பகுதியில் விழுந்த தன் தளபதி சபலுயெவைக் காப்பாற்ற அங்கேயே தரையிறங்கி, ஒரு ஆள் உட்காரவே இடம் போதாத அந்தக் காக்பிட்டுக்குள் அவரையும் திணித்துக்கொண்டு பறந்து வந்துவிட்டார்!

மார்ச் 20
பெயின்ட் காய்கிறது. 1941-இல் பழசாகிப்போன இதையே டிபி-3 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைகளுக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டு, கருங்கடல் மேல் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டு, ருமேனியாவின் கான்ஸ்டான்சாவைத் தாக்கியிருக்கிறார்கள். அந்த ஜோடியையும் மாடலாகச் செய்ய ஆசைதான், ஆனால் 1/72 அளவில்கூட டிபி-3 அரை மீட்டரைத் தாண்டும், வீட்டில் எங்கே வைப்பது?