மனைவியின் வேலைக்காக ஜெர்மனிக்கு: மொழி தெரியாமல் தொடங்கிய வாழ்க்கை

என் மனைவிக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை உறுதியானதும் தெரிந்தவர்கள் எல்லாரும் அவளிடம் கேட்டது, "ஜெர்மன் தெரியுமா?" என்றுதான். என்னிடம் யாரும் கேட்கவில்லை. உண்மையில் அந்தக் கேள்வி எனக்குத்தான் பொருந்தும். அவளுடைய அலுவலகத்தில் கூட்டம், மின்னஞ்சல், மதிய அரட்டை எல்லாமே ஆங்கிலம். வீட்டில் இருக்கிறவனுக்குத்தான் வீட்டுக்காரர், பார்சல் கொண்டுவருபவர், குழாய் சரிசெய்ய வருபவர், டாக்டர் கிளினிக்கில் போன் எடுப்பவர் என்று நாள் முழுக்க ஜெர்மன். வேலைக்குப் போகிறவரைவிடக் கூடப் போகிறவருக்கே மொழி முதலில் தேவைப்படுகிறது. புறப்படுவதற்கு முன் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

விசா கட்டம் பெரிய சிரமம் இல்லை. ஜெர்மனியில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விசா கேட்டால், பொதுவாக ஏ1 எனப்படும் ஆரம்ப நிலை ஜெர்மன் சான்றிதழ் வேண்டும். வேலைக்கு வருபவரிடம் ப்ளூ கார்டு (படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான வசிப்பிட அனுமதி) இருந்தால் துணைக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. விசாக் கட்டணம் 75 யூரோ. ப்ளூ கார்டில் இன்னொரு நல்ல விஷயம், துணைக்குக் கிடைக்கும் வசிப்பிட அனுமதியிலேயே எந்த வேலையும் செய்யலாம் என்று எழுதியிருக்கும். தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டாம். ஆனால் அந்தச் சான்றிதழ் விலக்கு ஒரு விதத்தில் நமக்கே பாதகம். சட்டம் கேட்கவில்லை என்பதால் நாமும் படிப்பதில்லை. வீட்டுக் கதவைத் தாண்டினால் கேட்காத ஆளே இல்லை.

வந்ததும் முதல் வேலை முகவரிப் பதிவு. அன்மெல்டுங் என்பார்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு, நீங்கள் இந்த வீட்டில்தான் குடியிருக்கிறீர்கள் என்று வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் ஒன்று கட்டாயம். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. வங்கிக் கணக்கு, வரி எண், வசிப்பிட அட்டை எல்லாம் இந்தப் பதிவுக்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக நகரும்.

கடிதப் பெட்டியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடி வீடுகளில் கதவு எண் போட்டுத் தபால் வராது. பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். கணவன் மனைவிக்கு வேறு வேறு கடைசிப் பெயர் இருந்தால் இரண்டு பெயரும் பெட்டியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட வந்தவரின் கடிதங்கள் திரும்பிப் போய்விடும். வரி எண், காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில் வரும் நாடு இது.

அந்தக் கடிதங்கள்தான் எங்கள் முதல் சில மாதங்களின் பெரிய பாரம். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் கட்டச் சொல்லி ஒன்று. மனைவி மாலை ஏழு மணிக்குக் களைத்து வருவாள். சாப்பாட்டு மேசையில் கடிதங்களைப் பரப்பி இருவரும் போனின் கேமராவால் மொழிபெயர்த்துப் பார்ப்போம். பாதி புரியும், பாதி சண்டையில் முடியும். அவளுக்கு வேலை புதிது, எனக்கு நாளே நீளமாக இருந்தது. ஒரு ராத்திரி நானே சொன்னேன்: கடிதம் எல்லாம் இனிமேல் என் பொறுப்பு, நீ கையெழுத்துப் போட்டால் போதும். அன்றிலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் காலையில் உட்கார்ந்து வாசித்தேன். எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் முதலில் தேடினேன். பணம் கட்டச் சொல்கிறதா, கையெழுத்துக் கேட்கிறதா, வெறும் தகவலா என்று மூன்றாகப் பிரித்துவிட்டால் பயம் பாதியாகக் குறைகிறது. அலுவலகக் கடிதங்களில் அதே வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். சில மாதத்தில் அவை கண்ணுக்குப் பழகிவிட்டன.

பேச்சு அப்படி இல்லை. போன்தான் மிகக் கடினம். முகமும் தெரியாது, கையும் தெரியாது. எண்களைச் சொல்லும்போது ஜெர்மனில் ஒன்றாம் இடம் முன்னால் வரும், பத்தாம் இடம் பின்னால். நேரமும் தொலைபேசி எண்ணும் காதில் விழுந்து எழுதுவதற்குள் தலைகீழாகிவிடும். ஒரு கிளினிக்கில் "ஆங்கிலம் பேசலாமா?" என்று கேட்டதும் வைத்துவிட்டார்கள். எனக்கு அது நாள் முழுக்க வலித்தது. மறுநாள் நேரில் போனேன். காப்பீட்டு அட்டையையும், என்ன வலி, எத்தனை நாளாக என்று ஜெர்மனில் எழுதிய தாளையும் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் நேரம் குறித்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு முடிந்தவரை எல்லாவற்றுக்கும் நேரில்தான் போனேன். டாக்டர்களுக்கு டாக்டோலிப் செயலி உண்டு. அவர் என்ன மொழி பேசுவார் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், போன் செய்யாமலே நேரம் வாங்கலாம். அவசரத்துக்கு 112. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கிளினிக் மூடியிருக்கிறது என்றால் 116117. இரண்டையும் வந்த அன்றே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

என் முதல் ஆசிரியை மாடிப்படியில் கிடைத்தார். ஸ்டுட்கார்ட் பக்கம் கேர்வோஹே என்று ஒரு பழக்கம். குடியிருப்பவர்கள் வாரம் ஒருவராக முறைவைத்துப் பொதுப் படிக்கட்டையும் வாசலையும் பெருக்கித் துடைக்க வேண்டும். உங்கள் முறை வந்தால் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். எங்கள் கதவில் தொங்கியதை நான் விளம்பரம் என்று நினைத்துக்கொண்டு நின்றபோது, எதிர்வீட்டுப் பாட்டி துடைப்பத்தோடு வெளியே வந்து செய்தே காட்டினார். எந்தப் படியில் தொடங்குவது, தண்ணீரை எங்கே ஊற்றுவது, வாசல் கம்பியை எப்படித் துடைப்பது என்று ஒவ்வொன்றையும் காட்டிக்கொண்டே பேசினார். அவர் பேசுவது ஷ்வாபிய வழக்கு, ஸ்டுட்கார்ட் வட்டாரத்துப் பேச்சு. பாடப் புத்தக ஜெர்மனுக்கும் அதற்கும் தூரம் அதிகம். இருந்தாலும் ஒரு பொருளைக் கையில் பிடித்தபடி ஒருவர் பேசினால் புரிகிறது. அந்த வாரத்திலிருந்து படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் நின்று பேசுவார். நான் தப்பாகச் சொன்னால் திருத்திச் சொல்லிவிட்டு மேலே பேசிக்கொண்டே போவார். வகுப்பில் சேருவதற்கு முன்பே வாயைத் திறக்கும் தைரியத்தை எனக்குக் கொடுத்தவர் அவர்தான்.

அப்புறம் இன்டக்ரேஷன் கோர்ஸ். வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களுக்காக அரசு சுமார் பாதிச் செலவை ஏற்று நடத்தும் படிப்பு. 600 பாட நேரம் மொழி, 100 பாட நேரம் நாட்டின் சட்டம், வரலாறு, சமூகம். ஒரு பாட நேரம் 45 நிமிடம். நான் சேர்ந்தபோது ஒன்றுக்கு 2.29 யூரோ கட்டினேன். வசிப்பிட அனுமதி கிடைத்த ஓராண்டுக்குள் சேராவிட்டால் இந்த உரிமை போய்விடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அட்டை கைக்கு வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள். இடம் கிடைக்கும் வரை காத்திருக்கும்போது ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லேயின் இலவசப் பாடங்களும், ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற முதியோர் கல்வி அமைப்பின் இலவச இணையப் பாடங்களும் கைகொடுத்தன.

வகுப்பில் சிரியாவிலிருந்து வந்த தையல்காரர், உக்ரைனிலிருந்து வந்த பள்ளி ஆசிரியை, துருக்கியிலிருந்து திருமணமாகி வந்த பெண், என்னைப் போலவே மனைவியின் வேலைக்காக வந்த பிரேசில்காரர். எங்களுக்குள் பொதுவான மொழி வேறு இல்லை. அரைகுறை ஜெர்மனில்தான் எல்லாம். இடைவேளையில் வீட்டுக்காரர் பிரச்சினை, குழந்தையின் காய்ச்சல், ஊரில் விட்டுவந்த அம்மா என்று அத்தனையும் அந்தச் சில நூறு சொற்களுக்குள் சொல்லிக்கொள்வோம். போரிலிருந்து தப்பி வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வினைச்சொல் மனப்பாடம் செய்யும்போது என் மனக்கசப்பு சின்னதாகத் தெரிந்தது. அதே சமயம், வேலையும் பெயரும் விட்டுவிட்டு வந்த வலியை விளக்காமலே அவர்களுக்குப் புரிந்தது. ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள், "என்ன, இன்னும் வீட்டிலதான் இருக்கியா?" என்று கேட்பார்கள். ஆண் என்பதால் அந்தக் கேள்வியில் கூடுதலாக ஒரு கூர் இருக்கும். வகுப்பில் அப்படி யாரும் கேட்கவில்லை.

படிப்பு முடிவில் பி1, அதாவது நடுத்தர நிலை வரை போகும் மொழித் தேர்வு. பேச்சுத் தேர்வில் இருவர் சேர்ந்து உட்கார வேண்டும். தன்னை அறிமுகப்படுத்துவது, ஒரு படத்தைப் பற்றிப் பேசுவது, கடைசியாக இருவரும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சியைத் திட்டமிடுவது. மற்றொன்று நாட்டைப் பற்றிய தேர்வு. 33 கேள்வி, 60 நிமிடம், 15 சரியாக இருந்தால் தேர்ச்சி, குடியுரிமைக்கும் அதைக் காட்ட வேண்டுமென்றால் 17. கேள்விகள் எல்லாம் முன்கூட்டியே வெளியிடப்பட்டவை, படித்தால் போதும்.

இதற்கிடையில் வீட்டில் ஒன்று மாறிவிட்டது. முன்பு அலுவலகங்களில் மனைவியைப் பார்த்தே பேசுவார்கள், அவள் ஆங்கிலத்தில் சமாளிப்பாள், நான் பக்கத்தில் கோப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இப்போது நான் பேசுகிறேன், அவள் என்னைப் பார்க்கிறாள். "இதை எனக்கும் சொல்லிக்கொடு" என்று அவள் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் நிறைந்தது. அவளுக்கு இப்போது வார இறுதிகளில் நான்தான் வாத்தியார்.

வேலை தேடுவது தனி அத்தியாயம். நான் கணக்குத் துறைக்காரன். பட்டத்துக்கு இணை மதிப்புச் சான்றிதழ் வாங்க 208 யூரோ கட்டினேன். செவிலியர், மருத்துவர் போன்றவர்களுக்கு அங்கீகாரம் இல்லாமல் அந்த வேலையே பார்க்க முடியாது, என் துறையில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் இங்கே கணக்கு எழுதுவது ஜெர்மனில்தான், பி1 போதவில்லை. அதற்கு அடுத்த நிலையான பி2-இல் வேலைக்கான படிப்பும் அரசு ஆதரவில் உண்டு, அதில் சேர்ந்தேன். எங்கே விண்ணப்பிப்பது, எந்தப் படிவம் என்று வழிகாட்டியது காரித்தாஸ் என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு நடத்தும் புலம்பெயர்ந்தோர் ஆலோசனை மையம். 27 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த ஆலோசனை இலவசம். காரித்தாஸ் தவிர டியாகொனி என்ற புராட்டஸ்டன்ட் தொண்டு அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கம் போன்றவையும் இதை நடத்துகின்றன. ஆரம்பத்திலேயே போயிருந்தால் இன்னும் பல மாலைகள் மிச்சமாகியிருக்கும்.

இப்போது ஒரு சிறிய வரி ஆலோசகர் அலுவலகத்தில் பகுதி நேர வேலை. அதுவரை மனைவியின் குடும்ப மருத்துவக் காப்பீட்டில் கட்டணமில்லாமல் இருந்தேன், இனி என் பெயரில் தனிக் காப்பீடு. அவள் மட்டும் சம்பாதித்தபோது 3, 5 என்று வைத்திருந்த வரி வகுப்பை (சம்பளத்தில் மாதாமாதம் எவ்வளவு வரி பிடிப்பது என்பதைத் தீர்மானிப்பது) இருவருக்கும் 4 ஆக மாற்ற விண்ணப்பித்திருக்கிறோம். படிவத்தை நான் நிரப்பினேன், அவள் கையெழுத்துப் போட்டாள்.