@ அடித்தால் வேறு விண்டோ திறக்கிறதா?

ஜெர்மன் கீபோர்டில் @ வேண்டுமென்றால் வலது ஆல்ட்டை (அதன் பெயர் ஆல்ட்ஜிஆர்) பிடித்துக்கொண்டு கியூ அடிக்க வேண்டும். € குறிக்கு அதேபோல் ஈ (E). சிக்கல் என்னவென்றால், அந்த ஆல்ட்ஜிஆரை விண்டோஸ் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளும். ஏதாவது மென்பொருள் கண்ட்ரோல்+ஆல்ட்+கியூவை ஷார்ட்கட்டாகப் பிடித்து வைத்திருந்தால் @ விழாது, அந்தக் கட்டளைதான் ஓடும். அமெரிக்க லேஅவுட்டில் ஆல்ட்ஜிஆரே கிடையாது. அதில் மட்டும் சோதித்துப் பார்க்கும் புரோகிராமருக்கு இது கண்ணில் படவே படாது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது டெஸ்க்டாப் ஐகான்களை. ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஷார்ட்கட் கீ கட்டம். அங்கே வெறும் ஈ அடித்தாலே விண்டோஸ் தானாகக் கண்ட்ரோல்+ஆல்ட் சேர்த்துவிடும், € போச்சு. பேக்ஸ்பேஸ் தட்டி, ஓகே கொடுங்கள். விஎஸ் கோடில் (புரோகிராம் எழுதும் எடிட்டர்) என்றால் கீபோர்ட் ஷார்ட்கட்ஸ் பக்கத்தில் அந்தக் கூட்டைத் தேடி நீக்கலாம்.

இணையச் செயலி எழுதுபவர்கள் கீடவுன் (விசை அழுத்தும்) நிகழ்வில் ஆல்ட்கிராஃப் (AltGraph, ஆல்ட்ஜிஆருக்கு பிரவுசர் வைத்த பெயர்) அழுத்தப்பட்டிருக்கிறதா என்று கெட்மாடிஃபயர்ஸ்டேட் (getModifierState) மூலம் பார்த்து, ஆமென்றால் ஷார்ட்கட்டை விட்டுவிடுங்கள். கண்ட்ரோல்+ஆல்ட்+எழுத்து என்ற கூட்டையே தொடாமல் இருப்பது இன்னும் நல்லது. ஏனென்றால் சிலர் ஆல்ட்ஜிஆருக்குப் பதில் இடது கண்ட்ரோல்+ஆல்ட் பிடித்தும் @ அடிப்பார்கள்.