படத்தில் அவனுக்குக் கால் இருக்கிறது

ஜூலை 3

தையல் பிரிச்சாச்சு. மழை இல்லை, காத்து மட்டும்தான்.

ஜூலை 5

ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா. "அப்பா, கட்டைவிரல் அரிக்குதுங்க." எந்தக் கால்னு நான் கேக்கலை. பாதம் இருந்திருக்க வேண்டிய எடத்துல போர்வையைச் சொறிஞ்சு விட்டேன். இப்பத் தேவலைன்னு சொல்லிட்டுத் தூங்கிட்டா. எனக்கு விடியற வரைக்கும் தூக்கமில்லை.

ஜூலை 8

மறுபடியும் ஹங்கர் கேம்ஸ். 2012-ல வந்த முதல் படம். இந்தக் கட்டில்ல படுத்ததுலேருந்து மூணாவது தடவை போட்டுட்டா. இன்னிக்குத்தான் நானும் கடைக்கு லீவு சொல்லிட்டு முழுசா உக்காந்து பாத்தேன். பன்னண்டு மாவட்டத்துலயும் சீட்டுக் குலுக்கிப் புள்ளைகளை எடுத்து, ஒருத்தரை ஒருத்தர் கொல்லச் சொல்லி டிவியில காட்டறாங்க. பெத்தவங்க கூட்டத்துல நிக்கறாங்க. என் கண்ணு அவங்க மேலயேதான் இருந்துச்சு.

நடுவுல ஒரு அறை வருது. வெள்ளை உடுப்புல வரிசையா உக்காந்து பட்டனை அமுக்கறாங்க, காட்டுல தீப்பிடிக்குது. இந்த அறை புக்குல இல்லைங்கறா. புக்கு முழுக்க அந்தக் காட்னிஸ் பொண்ணு பாக்கறது, நினைக்கறது மட்டும்தானாம். அவளுக்குத் தீ தெரியும், பட்டனை அமுக்குற கை தெரியாது. எனக்கு அந்த அறையைப் பாத்ததும் ஒரு ஆறுதல் மாதிரி இருந்துச்சு. யாரோ ஒருத்தன் அமுக்கறான்னா அவன் மேல கோவப்படலாமே.

கடைசியில அந்தப் பையன் பீட்டா ரெண்டு காலும் நல்லாயிருந்து ஊருக்குத் திரும்பறான். அப்பாடான்னு இருந்துச்சு. வாய்விட்டே சொல்லிட்டேன். அவ திரும்பிப் பாத்தா.

"புக்குல அவனுக்குக் கால் போயிருதுங்கப்பா. படத்துல விட்டுட்டாங்க."

ஜூலை 9

ஒறம்பரை வந்தாங்க. போர்வையை இடுப்பு வரைக்கும் இழுத்துக்கிட்டா. உசுராவது தப்புச்சேன்னு சொல்லிட்டுக் காபி குடிச்சிட்டுப் போனாங்க.

எத்தனை மணி நேரமாக் கட்டியிருந்தீங்கன்னு அன்னிக்கு டாக்டர் கேட்டார். ஒண்ணரை மணி நேரம் இருக்கும்னேன். எழுதிக்கிட்டார். வேற ஒண்ணும் கேக்கலை.

ஜூலை 13

போன்ல தேடிப் படிச்சேன். இங்கிலாந்துல 12 வயசுப் புள்ளைகளும் பாக்கணும்னு அந்தப் படத்துல 7 வினாடி எடுத்திருக்காங்க. சில எடத்துல ரத்தத் தெறிப்பைக் கம்ப்யூட்டர்லயே அழிச்சிருக்காங்க.

அந்தப் புள்ளைகளை டிவியில காட்டுற ஆளுங்களைத் திட்டற கதை அது. காயத்தைக் காட்டாம அதை எப்பிடித் திட்டறதுன்னு இவ கேக்கறா. எனக்கு ஒரு பதிலும் வரலை. நானா இருந்தா எழுபது வினாடி எடுத்திருப்பேன். சொல்லலை.

ஜூலை 14

காலையிலயும் பொழுதோடயும் கட்டு மாத்தணும். கிரேப் பேண்டேஜை எட்டு எழுதற மாதிரி குறுக்கும் நெடுக்குமாச் சுத்திட்டு வரணும். நுனியில இறுக்கம், மேல போகப் போகத் தளர்வு. அவங்கம்மா நல்லாக் கட்டறா. எனக்குக் கை நடுங்குது. "இறுக்கிக் கட்டுங்கப்பா, பரவால்ல"ங்கறா. முடியலை.

ஜூலை 17

ஆடி ஒண்ணு. தேங்காய் சுடற நோம்பி. வேண்டாம்னுதான் இருந்தோம், ஆத்தா கேக்கலை. காயைத் தரையில வழவழன்னு தேய்ச்சு, ஒரு கண்ணைத் தொறந்து, பச்சரிசியும் பாசிப்பயறும் எள்ளும் வெல்லமும் உள்ள போட்டு, அழிஞ்சிக் குச்சியைச் செருகித் தீயில காட்டினோம். அவளைச் சேர்ல வெச்சு வாசலுக்குத் தூக்கிட்டு வந்தேன். அவளே குச்சியைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிச் சுட்டா. ஓடு வெடிச்சு வெல்லம் கசிஞ்சு தீயில சொய்ங்குது. ஒரு மணி நேரம் யாரும் காலைப் பத்திப் பேசலை.

ஜூலை 22

புக்கை எடுத்து வெச்சுப் படிக்கறேன். சூசன் காலின்ஸ், 2008. அவ தூங்கினதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா. தெரியாத வார்த்தைக்குப் போன் அகராதி.

இன்னிக்குக் கடைசிச் சண்டை. மிருகங்க பீட்டாவோட காலைக் கடிச்சுக் குதறிடுது. ராத்திரி, ஒரு பெரிய உலோகக் கொம்பு உச்சியில ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டாங்க, ரத்தம் நிக்கலை. காட்னிஸ் தன் சட்டைத் துணியைக் கிழிச்சு முட்டிக்குக் கீழ சுத்தி முடிச்சுப் போடறா. முறுக்கக் குச்சி இல்லை. கையில மிச்சமிருந்த ஒத்தை அம்பைச் செருகி முறுக்கறா. அங்க ஒரு வார்த்தை வந்துச்சு, டூர்னிகே. அகராதியில பாத்தேன். ரத்தம் போகாம இறுக்கிக் கட்டுற கட்டு.

புக்கை மூடி வெச்சிட்டேன். மணி பதினொண்ணே கால்.

கால் போனாலும் போயிரும்னு அவளுக்குத் தெரியுது. தெரிஞ்சேதான் முறுக்கறா.

ஜூலை 23

அந்தத் துண்டைத் தேடினேன். நம்ம சென்னிமலைத் தறித் துண்டு, ரெண்டு இஞ்சு நீலக்கரை. எரிச்சாச்சுன்னு அவங்கம்மா சொன்னா.

ஜூலை 27

டைவர்ஜென்ட். இதுல புக்கு மூணு, வெரோனிகா ராத் எழுதினது. மூணாவது புக்கை ரெண்டு படமாப் பண்றோம்னு முதல் பாதியை 2016-ல விட்டாங்க. வசூல் படுத்துருச்சு. மறு பாதியை எடுக்கவே இல்லை. ஹாரி பாட்டர்லேருந்து ஆரம்பிச்ச பழக்கம் இது, கடைசிப் புக்கை ரெண்டா வெட்டறது. ஹங்கர் கேம்ஸ்லயும் 2014, 2015-னு அப்பிடித்தான் விட்டாங்க. அங்க முடிச்சாவது காட்டினாங்க.

இவளுக்கு அப்பிடி ஒரு கோவம். "மூணாவது புக்குக் கடைசியில கதாநாயகி ட்ரிஸ் செத்துப் போயிருவாங்கப்பா. அதுக்குத்தான் அந்தக் கதையே. படத்துல பாதியில நிக்குது."

அப்ப படத்துல அவ இன்னும் உசுரோட இருக்கான்னேன்.

ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் "அது உசுரோட இருக்கறது இல்லீங்கப்பா"ன்னா.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. பவானி கூடுதுறைக்குப் போகலை. காத்து தாங்கலை, கதவு ராத்திரி முழுக்க அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு.

ஆகஸ்ட் 6

மேஸ் ரன்னர். ஓடற படம், வேண்டாம்னு ரிமோட்டை ஒளிச்சு வெச்சேன். அவளே தேடி எடுத்துப் போட்டா. இதுல நடிச்ச டிலன் ஓ'பிரையனுக்கு 2016 மார்ச்சுல மூணாவது படம் எடுக்கறப்போ பலமா அடிபட்டிருச்சு. ஷூட்டிங் ஒரு வருசம் போல நின்னு, படம் 2018 ஜனவரியிலதான் வந்துச்சு. அவன் தேறி வர்ற வரைக்கும் காத்திருந்தாங்கன்னு ரெண்டு தடவை சொன்னா. வேற ஆளைப் போடலைன்னும் சொன்னா.

பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணணும்.

ஆகஸ்ட் 9

புக்கு முடிஞ்சுது.

எல்லாம் முடிஞ்சு மேடையில உக்காந்திருக்கறப்போதான் காட்னிஸுக்கே தெரியுது. பேட்டி எடுக்கறவன் புதுக்கால் எப்பிடின்னு பீட்டாவைக் கேக்கறான். என்ன புதுக்கால்னு இவ குனிஞ்சு அவன் பேண்ட்டைத் தூக்கிப் பாக்கறா. இரும்பும் பிளாஸ்டிக்கும். நான் கட்டின கட்டாலதான், என் தப்புதான்னு சொல்றா. ஆமா, நான் உசுரோட இருக்கறது உன் தப்புதான்னு அவன் சொல்றான்.

திண்ணையில வந்து உக்காந்தேன். எதிர் வீட்டுல தறி ஓடிக்கிட்டிருந்துச்சு.

துண்டைக் கட்டினது யாருன்னு அவளுக்குத் தெரியாது. அப்ப நினைவில்லை அவளுக்கு. ஆம்புலன்ஸ்காரங்க கட்டினாங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. யாரும் சொல்லலை. நானும்.

ஆகஸ்ட் 10

ஒண்ணரை மணி நேரம். ஒண்ணே முக்காலா இருக்குமோ.

ஆகஸ்ட் 14

மறுபடியும் முதல் படம். கடைசிச் சண்டை வந்ததும் நிறுத்தினா. ரெண்டு பேரும் உச்சியில, கீழ மிருகங்க. திரையில விரலை வெச்சுக் காட்டினா.

"இங்கதான் கட்டியிருக்கோணும். பாருங்க, கட்டவே இல்ல."

அவன் காலைக் காப்பாத்தணும்னு விட்டிருப்பாங்க சாமின்னேன்.

"கால் போகலைன்னா கட்டும் வேண்டாமில்லீங்கப்பா. அந்தக் கட்டைக் காட்டலைன்னா அவ அவனுக்கு என்ன பண்ணினான்னு யாருக்குத் தெரியும்? கையில இருந்த ஒரே அம்பு அது. அதையும் குடுத்துட்டா."

அப்புறம் படத்தை ஓட விட்டா. நான் சுடுதண்ணி வெக்கறேன்னு எந்திரிச்சுப் போய் அடுப்படியில நின்னேன். தண்ணி கொதிச்சு வத்திப் போச்சு.

ஆகஸ்ட் 17

வீக்கம் நல்லா வத்திருச்சு. செயற்கைக் காலுக்குப் பிளாஸ்டர் அச்சு எடுக்க வரச் சொல்லிட்டாங்க. அந்த அச்சை வெச்சுத்தான் சாக்கெட் வார்ப்பாங்களாம், மிச்சக் கால் உள்ள போய் உக்கார்ற கூடு. மறுபடி மறுபடி சரி பண்ணணும்னு பிசியோ சொன்னார். மொதல்ல உறுத்தும், பயப்படக் கூடாதுன்னார்.

என்ன கலர் வேணும்னு கேப்பாங்களான்னு இவ கேட்டா.

ஆகஸ்ட் 20

கார் சொல்லியாச்சு, காலையில அஞ்சு மணி. அவங்கம்மா கட்டுச்சோறு கட்டறா. இவ அந்தப் புக்கையும் பையில வெச்சிருக்கா. அந்தப் பக்கத்துல நான் வெச்ச பஸ் டிக்கெட் அப்பிடியே இருக்கு. எடுக்கலாமான்னு நினைச்சேன். எடுக்கலை.

ஆகஸ்ட் 21

அவினாசி தாண்டினதும் சொல்லிட்டேன்.